நல்ல கண்ணாடி

சூரியன் எவ்வளவு சூடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மேல்பரப்பு ஆறாயிரம் டிகிரி, உள்ளே போகப் போகக் கோடிக்கணக்கில். அது எதனால் எரிகிறது, அதில் இரும்பு இருப்பதை இங்கே உட்கார்ந்துகொண்டே எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதையும் சொல்லுவேன். இவ்வளவும் தெரிந்த நான்தான் என் தங்கச்சி மங்கையின் கண்ணைக் கெடுத்தேன். கெடுத்ததைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் திருமலை. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே கடலோரக் குப்பம் எங்களுடையது. அப்பா கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. அதற்கப்புறம் அம்மா கன்னியம்மா என்னைக் கடல் பக்கமே விடவில்லை. துறைமுகத்தை ஒட்டிக் கப்பல் ரிப்பேர் செய்யும் பட்டறை ஒன்றில் யாரையோ பிடித்துச் சேர்த்துவிட்டாள். அங்கே நான் காஸ் கட்டர். அசிட்டிலீன் தீயால் கப்பல் தகட்டை அறுக்கிற வேலை. கண்ணுக்குப் பச்சை வில்லை வைத்த கண்ணாடி கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீதியில் நடந்து வருவதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது.

பட்டறையில் இன்னொரு ஜாதி உண்டு, கரண்டு வைத்துப் பற்றவைக்கிற வெல்டர்கள். அவர்கள் முகமூடியில் இருப்பது பச்சையில்லை, கருங்கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டால் எதிரே நிற்கிற ஆள்கூடத் தெரியாது, தீப்பொறி மட்டும்தான் தெரியும். காஸ்காரர்களுக்கும் கரண்டுக்காரர்களுக்கும் எப்போதும் ஒரு புகைச்சல். எங்களைக் கண்டால் அவர்களுக்கு இளக்காரம், அவர்களைக் கண்டால் எங்களுக்கு எரிச்சல். அவர்களில் ஷாகுல் ஹமீது ஒருவர்தான் எனக்குத் தோஸ்து. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஜனவரியில் எங்கள் யூனியன் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வகுப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். நடத்த வந்தவர் இக்னேஷியஸ் சார். காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர், ராயபுரத்திலேயே குடியிருந்தார். வான பௌதிகம் என்று பலகையில் எழுதினார். ஜோசியம் என்று நினைத்து ஒருத்தன் உள்ளங்கையை நீட்டினான். சார் கோபித்துக்கொள்ளவில்லை. என் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இரும்பு காய்ந்தால் முதலில் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்றேன். அப்புறம்? ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்ல முடியுமா? அதைச் சொல்லாவிட்டால் மேஸ்திரி வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நட்சத்திரத்தின் சூட்டையும் அப்படியேதான் அளக்கிறார்கள் என்றார் சார். சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது, வெள்ளையும் நீலமும் அதிகம். "உனக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் கெட்டேன். எட்டாவது ஃபெயிலானவனிடம் ஒரு காலேஜ் வாத்தியார் அப்படிச் சொன்னால் தலை நிற்குமா?

ஒரு ஞாயிறுகூட நான் தவறவில்லை. ஸ்பிரிட் விளக்குச் சுடரில் சார் உப்பைத் தூவினார், சுடர் மஞ்சளாயிற்று. ஒவ்வொரு பொருளும் எரியும்போது தனக்கென்று ஒரு நிறக்கோட்டைக் காட்டும் என்றார். முப்பட்டைக் கண்ணாடியில் வெயிலை விட்டுப் பிரித்தால் அந்தக் கோடுகள் தெரியும், அதை வைத்துத்தான் சூரியனில் இரும்பு இருக்கிறது, உப்பில் இருக்கிற சோடியம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். போன நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குண்டூர் பக்கம் கூடாரம் அடித்து ஒரு கிரகணத்தைப் பார்த்தார்களாம். அப்போது சூரியனில் கண்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் யாரும் அறியாத பொருளுடையது என்று பிறகு தெரிந்ததாம். வானத்தைப் பார்த்து எண்ணுவது பழைய சாஸ்திரம், அது எதனால் ஆனது, எப்படி எரிகிறது, எப்படிச் சாகிறது என்று கேட்பதுதான் இந்தப் புதுப் படிப்பு என்றார். நான் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வருவேன். மங்கை அதை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதி வைப்பாள்.

மங்கைக்கு அப்போது பதினெட்டு. எங்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போன முதல் பெண். வீட்டில் வலை பின்னுவாள். அவள் போட்ட முடிச்சு நகராது என்று பெயர். நாலு கட்டுமரக்காரர்கள் அவள் வலைக்காகக் காத்திருப்பார்கள். வலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைக் கேட்பாள். தப்பாகச் சொன்னால் திருத்துவாள். பிறகு என்னைவிட அவளுக்கே அந்தப் பித்து அதிகமாகிவிட்டது. அவள் நோட்டைப் பார்த்த சார், இதையே கொஞ்சம் திருத்திச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்றார். அந்தப் பொண்ணுதான் பாதி ஆசிரியை என்றுகூடச் சொன்னார்.

ஜூன் இருபதாம் தேதி காலையில் கிரகணம் என்று பேப்பரில் வந்தது. இலங்கையில் முழுசாக மறையும், சென்னையில் பெரும்பகுதி மறையும் என்று போட்டிருந்தான். குப்பத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்துவார்கள், தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்துவார்கள், பிள்ளைத்தாய்ச்சியை மூலையில் உட்காரவைப்பார்கள், ஒரு மரமும் கடலில் இறங்காது. இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன். மணலில் நின்று எல்லோருக்கும் காட்டுவேன், பாம்பு இல்லை, நிலாதான் என்று சொல்லுவேன் என்று படிப்பகத்தில் அறிவித்தேன். கை தட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவேண்டும் என்று சார் எச்சரித்தார். பட்டறையில் இருக்கிறது சார் என்றேன். பட்டறையில் இரண்டு வகை இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வேலை விட்டதும் ஷாகுல் ஹமீது தன் முகமூடியிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"திருமல, உன் பச்சை ஆவாது. அது காஸ் தீக்குதான். இத எட்துக்கினு போ."

"உங்க கண்ணாடில ஆளே தெரியாது பாய், சூரியன் எங்க தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். உண்மையான காரணம் அதுவல்ல. குப்பமே பார்க்க ஒரு காஸ்காரன் போய்க் கரண்டுக்காரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்பதா? அந்த அற்ப வீம்புதான். அவர் காகிதத்தைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா மங்கையை வெளியே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வயசுப் பொண்ணு, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நான் சொல்கிறேன் பதில் என்றேன்.

திங்கட்கிழமை காலை வானம் சுத்தமாக இருந்தது. மணலில் நானும் மங்கையும் மட்டும்தான். மற்றவர்கள் குடிசைக் கதவை அரையாய்த் திறந்து எங்களைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். அப்புறம் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கதவுகளைப் பார்த்துப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தேன். நிலா எவ்வளவு தூரம், சூரியன் எவ்வளவு தூரம், சின்னது எப்படிப் பெரியதை மறைக்கும், எல்லாம் தொண்டை வறளக் கத்தினேன். மங்கை கண்ணிலிருந்து கண்ணாடியை எடுக்கவே இல்லை. கடித்த அப்பளம் மாதிரி இருக்கிறது, இப்போது பிறை, இப்போது இன்னும் ஒல்லி என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் திரும்பிக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

வலி ஒன்றும் இல்லை. சாயங்காலம் வலையை எடுத்தவள், கண்ணியின் நடுவில் மஞ்சளாக ஒரு திட்டு நிற்கிறது என்றாள். மறுநாள் அந்தத் திட்டு சாம்பலாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் நேராகப் பார்க்கிற இடம் இல்லை, சுற்றி இருப்பது மட்டும் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தால் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை என்றாள். நோட்டைத் திறந்தாள். எந்த எழுத்தைப் பார்த்தாலும் அந்த எழுத்து மட்டும் காணோம்.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, எதால் பார்த்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். என் கழுத்திலிருந்து கண்ணாடியை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். இது கூச்சத்தைத்தான் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத கதிரை முழுக்கத் தடுக்காது, சூரியனுக்கு இது போதவே போதாது, கூசாததால் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாள், வெறும் கண்ணாக இருந்தால் ஒரு நொடியில் மூடியிருப்பாள் என்றார். விழித்திரை வெந்துவிட்டதாம். கொஞ்சம் தேறலாம், முழுக்க வராது என்றார். மூன்றாவது வகுப்பில் சார் இதைத்தான் சொல்லியிருந்தார். சூரியன் அனுப்புவதில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் உண்டு, சிவப்புக்கு அப்பால் தெர்மாமீட்டரை வைத்தால் பாதரசம் ஏறும் என்று சொல்லியிருந்தார். நான் கிறுக்கியிருந்தேன், மங்கை நோட்டில் எழுதியிருந்தாள், அடிக்கோடும் போட்டிருந்தாள்.

வீட்டு வாசலில் அம்மாவோடு பத்துப் பேர் நின்றிருந்தார்கள். டாக்டர் இன்னா சொன்னார் என்று கேட்டார்கள். அவருக்கே ஒண்ணும் விளங்கவில்லையாம் என்றேன். மங்கை முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

அவள் விடவில்லை. மறுநாள் எல்லோர் முன்னாலும் அம்மாவிடம் சொன்னாள்.

"கண்ணாடிதாம்மா சரியில்ல. டாக்டரே சொன்னார்."

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்டியாடா?"

"நல்ல கண்ணாடிதான்" என்றேன் நான். "அதப் போட்டுக்கினுதான நானும் தெனம் வேல செய்யறேன்."

ஆரம்பத்தில் நான் சொன்ன கேவலம் இதுதான். அம்மா வீட்டைவிட்டுத் துரத்துவாளே என்ற பயம் ஒரு பக்கம். குப்பம் என்னை உதைக்கும் என்ற பயம் ஒரு பக்கம். எல்லாவற்றையும்விட, இவ்வளவு படித்துக் கிழித்தவன் சொந்தக் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியைப் பற்றித் தெரியாத முட்டாள் என்று ஆகிவிடுமே என்ற வெட்கம். பாம்பு இல்லை என்று கத்தியவன் பாம்பின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அதற்கப்புறம் மங்கை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

விஷயம் கேட்டு இக்னேஷியஸ் சார் பதறிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார். தான் சொன்னதில் தப்பு நேர்ந்துவிட்டதோ என்று அவருக்குக் கவலை. அவரிடம் வேறொரு பொய் சொன்னேன். நான் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துவிட்டாள் சார் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் நின்ற ஷாகுல் ஹமீது என் முகத்தையே பார்த்தார். வெளியே சொல்லாதீங்க பாய் என்று அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மங்கை மறுபடி வலை ஊசியை எடுத்தாள். கண்ணே வேண்டாம், விரல் போதும் அவளுக்கு. ஒரு மாதத்தில் பழைய மாதிரியே முடிச்சு விழுந்தது. அந்த வலையை எங்கள் தெரு மாரியப்பன் வாங்கிப் போனார். மூன்று நாள் அவர் மரத்துக்கு மீன் படவில்லை. ஆடி மாதக் கடல், யாருக்குமே படவில்லை. ஆனால் பாம்பு தீண்டினவள் கைபட்ட வலை என்று அவர் மனைவி அங்கம்மா சொல்லிவிட்டாள். நாலாம் நாள் வலையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார். மற்ற மூன்று மரக்காரர்களும் வரவில்லை. விடியற்காலையில் மரம் தள்ளும்போது அவள் வெளியே வரக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதற்கும் தலையாட்டினாள். அதற்கப்புறமும் மங்கை பின்னிக்கொண்டே இருந்தாள். யாரும் வாங்காத வலை மூலையில் குவிந்துகொண்டு போனது. நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது என் எதிரேதான் இருக்கும்.

நவம்பரில் புத்தகம் வந்துவிட்டது. அறுபது பக்கம், நீல அட்டை, வான பௌதிகம் ஓர் அறிமுகம் என்று கொட்டை எழுத்து. சார் மங்கைக்கென்று ஒரு பிரதி கொடுத்தனுப்பினார். அவள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் படிக்கச் சொன்னாள். தினம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். பல இடத்தில் அவளுடைய வாக்கியங்களே அப்படியே இருந்தன, கேட்டுச் சிரித்தாள். கிரகணத்தைப் பற்றிய பக்கம் வந்ததும் நான் நாலு வரியைத் தாண்டிப் படித்தேன். நான் எழுதியதில் இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று கேட்டாள். சார் குறைத்துவிட்டார் என்றேன்.

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மத்தியானம் ஷாகுல் ஹமீது பார்க்க வந்தார். நான் தூங்கிவிட்டிருந்தேன். மங்கை அவரிடம் புத்தகத்தைக் கொடுத்து அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் தாண்டாமல் படித்திருக்கிறார். நான் கண் விழித்தபோது அவர் போய்விட்டார், அவள் என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எச்சரிக்கையை மதிக்காமல் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்வையைக் கெடுத்துக்கொண்ட ஒரு மீனவப் பெண்ணை நாமே அறிவோம்" என்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள். பிறகு கேட்டாள். "நான் வெறுங்கண்ணாலயா பாத்தேன் அண்ணா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"குப்பத்துக்காரங்களுக்கு நான் பாம்பு தீண்டினவ. படிச்சவங்களுக்கு நான் சொன்ன பேச்சு கேக்காதவ. எந்தப் பக்கம் போனாலும் தப்பு எம்மேலதான் கீது. நீ மட்டும் ரெண்டு பக்கமும் நல்லவன்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். டிசம்பர் பதினாலாம் தேதி மறுபடி கிரகணம், மத்தியானம், ஊரே கரையில் இருக்கும், அன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். சாரிடமும் போய் அந்த வரியை எடுக்கச் சொல்கிறேன் என்றேன். அவள் எழுந்து போனாள்.

பதினாலாம் தேதி காலை நான் ஷாகுல் ஹமீதிடம் அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் ஏற்கெனவே கூட்டம். அங்கம்மா தன் மருமகளைக் கூட்டி வந்திருந்தாள், ஏழாம் மாதம். கிரகணம் பிடிப்பதற்குள் அந்தப் பெண் ஒரு தடவை மங்கையைப் பார்த்துவிட்டால் புத்தி வரும், வெளியே தலை நீட்டமாட்டாள் என்று கூட்டி வந்தாளாம். வேறு இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மங்கையை நடுவில் உட்காரவைத்து முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். மங்கை அவர்களை நேராகப் பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டு மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குத் தாங்கவில்லை. வாசலில் நின்று ஆண்களையும் கூப்பிட்டேன். மாரியப்பன் முதல் எல்லோரும் வந்தார்கள். இரண்டு கண்ணாடியையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பச்சை எதற்கு, கறுப்பு எதற்கு என்று சொன்னேன். பாய் கொடுத்தும் வீம்பில் வாங்காமல் வந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், அதை மறைத்ததைச் சொன்னேன். பாம்பும் இல்லை தோஷமும் இல்லை, என் தங்கச்சி கண்ணை நான்தான் பொசுக்கினேன், அவள் வலையில் ஒரு பழுதும் கிடையாது என்று அழுதுகொண்டே சொன்னேன். சூரியனைப் பற்றி அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு நல்ல கண்ணாடின்னு நீதானடா சொன்ன. இன்னிக்கு ஏன் இப்டி மாத்திப் பேசற?"

மாரியப்பன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி மேல வந்த பழிய தாந் தலைல வாரிப் போட்டுக்கினு கீறான் பாரு. இப்டி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும்?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் மறுபடி மறுபடி சொன்னேன், கத்தினேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் பிரியம்தான் கூடியது. பிறகு நேரமாகிவிட்டதென்று அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போகும்போது அந்த மருமகள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். அம்மா உலக்கையை நிறுத்தப் போனாள். மங்கை இருந்த இடத்திலேயே இருந்தாள். சொல்லிவிட்டேனே மங்கை, யாரும் நம்பவில்லையே என்றேன்.

"ஜூன்லயே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க" என்றாள். "உன்ன அடிச்சிருப்பாங்க. என் வலைய வாங்கியிருப்பாங்க."